வரி கட்ட வேண்டாதவரின் வரிப் பிரச்சினை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்று எண்ணுவார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2025 ஏப்ரல் 1 முதல் தனியாள் ஒருவருக்கான வருமான வரி நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. நாட்சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒருவர் அந்த எல்லையைத் தொட வேண்டுமென்றால் ஓர் ஆண்டில் 1,333க்கும் மேற்பட்ட பேர் போட வேண்டும். ஆண்டில் இருப்பதோ 365 நாட்கள். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டபடி வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ரூபா கிடைத்தாலும் கணக்கு ஆயிரம் பேருக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே தோட்டத் தொழிலாளர் வருமான வரி செலுத்துநர் அல்லர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அப்படி ஆகப்போவதுமில்லை. ஆனால் அவருடைய வங்கிக் கணக்கில் விழும் வட்டியில் நூற்றுக்குப் பத்து ரூபா, முதல் ரூபாவிலிருந்தே, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறது. இந்த இடத்தில்தான் மலையகத்தின் வருமான வரிப் பிரச்சினை தொடங்குகிறது. வரி உதவி என்றதும் வரி கட்டுகிறவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் சேவை என்றே எண்ணப் பழகியிருக்கிறோம். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அந்த உதவி அதிகமாகத் தேவைப்படுவது வரி கட்ட வேண்டாதவர்களுக்கு. அவர்கள் உதவியின்றி விடப்படுவதன் விலையை வட்டிப் பணத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி 2020 தொடக்கத்தில் கைவிடப்பட்டு, பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023 ஜனவரியில் 5 சதவீதமாகத் திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் அது 10 சதவீதமாயிற்று. அதே நேரத்தில் ஒரு விலக்கும் தரப்பட்டது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் தம் வங்கியிடம் சுயபிரகடனம் ஒன்றை எழுதிக் கொடுத்தால் வட்டியில் கைவைக்க மாட்டார்கள். பிரகடனத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை, அதாவது டின் இலக்கத்தைக் குறிப்பிட வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது நியாயமான ஏற்பாடாகவே தெரிகிறது. பாஸ்புத்தகத்தில் தெரிவது வேறு. மாத முடிவில் வட்டி 10,000 ரூபா வரவு வைக்கப்பட்ட வரிக்குக் கீழேயே, சில ஆங்கில எழுத்துகளின் பக்கத்தில் 1,000 ரூபா பற்று வைக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள், அந்தப் பணம் எங்கே போயிற்று, அது கேட்டால் நிற்குமா, திரும்புமா என்று பாஸ்புத்தகம் சொல்லாது. கேட்கத் தெரிந்தவருக்கே பதில் கிடைக்கும்.

மாதம் 10,000 ரூபா வட்டி தோட்டத்தில் யாருக்கு வரும் என்று கேட்கலாம். ஓய்வு பெற்றவருக்கு வரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் சேர வேண்டும். 1,350 ரூபா வீதம் அது ஆண்டுக்கு 18,900. முப்பது ஆண்டுக்கு 5,67,000 ரூபா. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளரின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமுமாகச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி தனி. இரண்டும் சேர்ந்து 15 இலட்சம் கையில் வந்ததாகவும், அதை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 1,20,000. வரி எல்லையான 18 இலட்சத்தில் இது பதினைந்தில் ஒரு பங்கு. பிடிபடுவது 12,000 ரூபா, கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கான கூலி. அரசு இங்கே தனக்குத்தானே முரண்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சேமலாப நிதியாகக் கிடைக்கும் தொகைக்கு வரி இல்லை. பணிக்கொடைக்கு ஒரு கோடி ரூபா வரை வரி வீதம் பூச்சியம். ஒரு வாழ்நாளின் உழைப்பு மொத்தமாக வரும்போது அதைத் தொடக்கூடாது என்று சட்டமே ஒதுங்கி நிற்கிறது. அந்தத் தொகை மாதம் தோறும் ஈட்டும் வட்டி என்று வந்துவிட்டால் முதல் ரூபாவிலிருந்தே தொட்டுவிடுகிறது.

சுயபிரகடனம் கொடுத்தால் போதுமே என்பது இதற்கு உடனே வரும் மறுப்பு. அந்தப் பிரகடனத்துக்கு முன்னால் டின் இலக்கம் இருக்கிறது; அதற்கு முன்னால் தேசிய அடையாள அட்டை; அதற்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழ். தோட்டத்துப் பிறப்புகளைத் தோட்ட நிர்வாகத்தின் வழியே பதியும் முறை நெடுங்காலம் இருந்து வந்தது. சொன்ன பெயர் ஒன்று, எழுதுகிறவர் காதில் விழுந்தது ஒன்று, அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஏறியபோது ஆனது இன்னொன்று. தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபாடு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கியில் முதலெழுத்தோடு இன்னொரு விதமாகவும் ஒரே ஆள் இருப்பது அங்கே அபூர்வமல்ல. 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள எண் வந்தபின் இந்தச் சிக்கலில் ஒரு முடிச்சு கூடியது. பழைய ஒன்பது இலக்க எண்ணில் திறந்த வங்கிக் கணக்கும் புதிய எண்ணில் எடுத்த டின் இலக்கமும் ஒருவருடையவைதாம் என்று காட்டும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. அந்தப் பழைய எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்ததை மலையகம் மறந்திருக்காது: வாக்குரிமை உள்ளவருக்கு ‘வீ’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’.

முகவரியும் அப்படித்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி என்று ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் எண், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்குப் போகும், அல்லது போகாது. வரி நிர்வாகமோ முகவரியை நம்பி இயங்குவது. அறிவித்தல் அனுப்பினோம், இத்தனை நாளில் பதில் வரவில்லை என்பதே அதன் இயல்பான நடை. டின் இலக்கத்தின் பிரதி எங்கெல்லாம் தேவைப்படும் என்று 2024 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டதை நினைவுகூர்ந்தால் இது இன்னும் விளங்கும். நடைமுறைக் கணக்குத் திறத்தல், கட்டட வரைபட அனுமதி, வாகனப் பதிவு, வாகன அனுமதிப்பத்திரப் புதுப்பிப்பு, காணி உரிமைப் பதிவு என்பவை அந்த இடங்கள். காணி உறுதி, வீட்டு வரைபடம், வாகனம் என்று எதுவும் இல்லாத ஒரு சமூகத்தை இந்த வாசல்களில் எதிலும் திணைக்களம் சந்திக்காது. காணியும் வீடும் உள்ள குடிமகனை மனத்தில் வைத்து வரையப்பட்ட பட்டியல் அது. லயத்துக்காரரைத் திணைக்களம் சந்திக்கும் ஒரே இடம் சேமிப்புக் கணக்கின் வட்டி வரி. அங்கேயும் சந்திப்பது அவரை அல்ல, அவருடைய பணத்தை.

பதினெட்டு வயதைக் கடந்த அனைவரும் 2024 ஜனவரி 1 முதல் டின் இலக்கம் பெற வேண்டும், தவறினால் 50,000 ரூபா வரை அபராதம் என்ற செய்தி வந்தபோது நாடு முழுதும் குழப்பம் எழுந்தது. இலக்கம் பெறுவது வேறு, வரி கட்டுவது வேறு என்று அரசு திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. மலையகத்தில் இந்த விளக்கம் எடுபடாவிட்டால் அதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது. காகிதம் அந்தச் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. எழுதியவர் வேறு, சுமந்தவர் வேறு. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர், இத்தனை ஆண்டு இங்கே இருந்தோம் என்பதற்கு ஆவணம் காட்ட முடியாமல் தோற்றார்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கு 5,25,000 என்றும் இலங்கைக்கு 3,00,000 என்றும் தொகைகளாக்கிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின்னரே அந்தக் கணக்கு முடிந்தது. பதிந்துகொள், உனக்கு நல்லது என்று அரசு சொல்லும்போது மூன்று தலைமுறைகளின் நினைவு கூடவே எழுகிறது. இன்று இலக்கம் எடுத்தால் நாளைக்கு அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நின்றுவிடுமோ, வைப்பில் உள்ள காசை யாராவது கேட்பார்களோ என்ற கேள்விகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆள் நேரில் வந்து, தமிழில், பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை.

தமிழில் என்று சொல்வது உரிமைப் பேச்சாக மட்டும் படக்கூடாது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்குரியவை. ஆனால் படிவம் ஒன்று தமிழில் அச்சாகியிருப்பது ஒரு காரியம். அதில் கேட்கும் கேள்விக்குத் தன் வாழ்க்கையில் எது பதில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் இருப்பது இன்னொரு காரியம். மகன் கொழும்பிலிருந்து அனுப்பும் காசு வருமானமா? லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறியை விற்றது வருமானமா? கணவரும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குக்கு யார் பிரகடனம் கொடுப்பது? தவறான பிரகடனம் தண்டனைக்குரியது என்று கீழே அச்சிட்டிருக்கும்போது இந்தச் சந்தேகங்களோடு கையெழுத்திட யாருக்கும் கை நடுங்கும். திணைக்களத்தின் தலைமையகம் நிற்கும் கொழும்பு வீதிக்கு ஒரு தமிழரின், சர் சிற்றம்பலம் ஏ. கார்டினரின் பெயர்; ஆனால் அதனால் ஹட்டனிலிருந்து போகிறவருக்கு எதுவும் இலகுவாகிவிடுவதில்லை. திணைக்களத்துக்கு 1944 என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது. அது பயனுள்ளதுதான், என்ன கேட்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு.

இந்த வெற்றிடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? தோட்டக் காரியாலயத்தின் கிளாக்கர், தோட்டத் தலைவர், பட்டணத்துக் கொமியூனிகேஷன் கடைக்காரர், வங்கிக் கவுண்டரில் இருப்பவர். இவர்கள் எவரையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இவர்கள் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது. ஆயினும் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. கிளாக்கர் நிர்வாகத்தின் ஊழியர். பணிக்கொடை தாமதமாகும்போது எதிர்த்தரப்பில் நிற்பதும் அதே நிர்வாகம். அவரிடம் போய்க் கையில் உள்ள வைப்புகளையெல்லாம் சொல்ல எத்தனை பேர் விரும்புவார்கள்? தோட்டத் தலைவர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் தொழிலாளர் தேசிய சங்கமும் சம்பளப் பேச்சுவார்த்தையில் கைதேர்ந்தவை, வட்டி வரி அவற்றின் பழக்கப்பட்ட களமல்ல. மேலும் ஓய்வு பெற்றவர் சந்தா கட்டும் அங்கத்தவராக இருப்பதில்லை. கடைக்காரர் வேகமாகச் செய்து தருவார், ஆனால் இணையப் பதிவுக்குத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். வந்தவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் கடையின் மின்னஞ்சலே போடப்படும் ஆபத்து இருக்கிறது. பிறகு கடவுச்சொல்லும் அறிவித்தல்களும் அங்கேதான் போகும். ஒருவருடைய வரிக் கணக்கின் சாவி அவருக்குத் தெரியாமலே வேறொருவர் மேசையில் கிடப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. மீதமிருப்பவர் வங்கி ஊழியர். என் கணிப்பில் உதவி தொடங்க வேண்டிய சரியான இடம் அந்தக் கவுண்டர்தான். பணம் அங்கே இருக்கிறது, வரி அங்கேதான் பிடிபடுகிறது, பிரகடனமும் அங்கேதான் கொடுபட வேண்டும்.

தொகை சிறியது, அதற்கு இவ்வளவு ஏற்பாடா என்பது இன்னொரு மறுப்பு. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 15 இலட்சம் வைப்பு உள்ளவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபா போகிறது. 3 இலட்சம் உள்ளவருக்கு 2,400, இரண்டு பேருக்கான கூலிக்கும் குறைவு. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வந்து போனால் ஒரு நாள் வேலை போகும், பஸ் காசும் போகும். பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள். இரண்டாம் பயணத்தோடு ஆதாயம் முழுக்கக் கரைந்துவிடும். விட்டுவிடுவதே புத்திசாலித்தனம் என்று அவர் முடிவெடுத்தால் அந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை ஏற்பாட்டில் இருக்கிறது. விலக்கைப் பெறும் செலவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பயனோ வைப்பின் அளவைப் பொறுத்தது. ஆகவே எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு விலக்கு எட்டாமல் போகிறது. நாட்டின் வரித்திட்டம் வருமானம் கூடக் கூட வீதத்தை 6இலிருந்து 36 சதவீதம் வரை உயர்த்துகிறது. அந்த ஏணியில் முதற்படிக்குக் கீழே நிற்பவர் 10 சதவீதமும், முதற்படியில் நிற்பவர் 6 சதவீதமும் கொடுப்பதை எந்தக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது. இதற்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரியை அவர் கடையில் வாங்கும் பல பொருள்களில் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார். தொழிலாளர் வரிக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

மற்ற நாடுகள் இந்த இடத்தைக் கடந்த விதம் நமக்கு உதவும். வருமான வரி இலங்கைக்கு வந்தது 1932இல், பிரித்தானிய ஆட்சியில். அந்தப் பிரித்தானியாவே வட்டியில் வரியை வங்கியிலேயே பிடிக்கும் முறையை வைத்திருந்தது. வரி எல்லைக்குக் கீழே இருப்பவர் ஆர்85 என்ற பிரகடனத்தைக் கொடுத்தால் முழு வட்டியும் கிடைத்தது. 1991 முதல் இந்த ஏற்பாடு. கொடுக்காதவர் ஆர்40 என்ற படிவத்தில் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. பிடிப்பது பிற்காலத்தில் 20 சதவீதமாக இருந்தது. கேட்கத் தெரியாத ஏழைச் சேமிப்பாளர்களின் பணம் அரசிடமே தங்குவது அங்கே நெடுங்கால முறைப்பாடு. 2016 ஏப்ரலில் வங்கி வட்டியில் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், ஆர்85உம் தேவையற்றுப் போயிற்று. அங்கே கைவிடப்பட்ட பிரகடனத்தின் உடன்பிறப்பை நாம் 2025இல் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். இந்தியாவில் 15ஜி, 15எச் என்ற படிவங்கள் இதே வேலையைச் செய்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு வங்கிகளில் ஏப்ரல் மாதம் முதியவர்கள் அவற்றுக்காக நிற்பது வழக்கமான காட்சி. ஆனால் அங்கே அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தமே தொடங்கும். அறுபது வயதைக் கடந்தவருக்கு ஒரு இலட்சம். 2025 ஏப்ரல் முதல் இந்த எல்லைகள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து போனவர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், டான்டீயில், வேலை செய்து ஓய்வு பெற்றவர் ஐந்து இலட்சத்தை 7 சதவீதத்துக்கு வைத்தால் வட்டி 35,000. யாரும் தொட மாட்டார்கள், எந்தப் படிவமும் வேண்டாம். அவருடைய அண்ணன் குடும்பம் டிக்கோயாவில் தங்கியிருந்தால் அங்கே முதல் ரூபாவிலிருந்து பிடிபடும். ஒரே லயத்தில் பிறந்த இருவரின் ஓய்வுக்காலத்தை இரண்டு அரசுகளின் இந்தச் சிறிய விதி வேறுபடுத்துகிறது.

இந்தியாவிடமிருந்து எச்சரிக்கையும் ஒன்று கிடைக்கிறது. 2006இல் அங்கே பட்டதாரிகளைப் பயிற்றுவித்து வரி விவரத்திரட்டுத் தயாரிப்பவர்களாக அனுப்பும் திட்டம் வந்தது. அவர்களுக்கான ஊக்கத்தொகை, அவர்கள் தயாரித்த விவரத்திரட்டில் கட்டப்பட்ட வரியின் சதவீதமாகக் கணக்கிடப்பட்டது. வரி கட்டுபவரைத் தேடிப் போக அது தூண்டும். கட்ட வேண்டாதவரின் பணத்தை மீட்டுத் தர அதில் என்ன தூண்டுதல் இருக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து நடக்கும் தன்னார்வ வரி உதவித் திட்டங்கள் வேறு வழியில் போயின. குறைந்த வருமானக்காரர், முதியவர், ஆங்கிலம் தடுமாறுகிறவர் ஆகியோரை முன்னிறுத்தி, பயிற்சி பெற்ற தொண்டர்கள் நூலகத்திலும் சமூக மண்டபத்திலும் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். வேலை முடிந்தால் கையில் திரும்பி வரும் பணமே ஆட்களைக் கூட்டி வருகிறது. உதவியை எப்படி அளக்கிறோம் என்பதில் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது தீர்மானமாகிவிடுகிறது என்பதை இந்த இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்தாலே காணலாம். டின் இலக்கம் பெற்றோர் தொகையையும் வசூலையும் மட்டும் வெற்றியாகக் காட்டும் நிர்வாகம், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்த கணக்கையும் அதே வரிசையில் வெளியிட்டால் போக்கு மாறும்.

மலையகத்தில் உண்மையாகவே வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தோட்டத் துரைமார், வைத்தியர், மூத்த அதிபர்கள், ஹட்டன், தலவாக்கலை வர்த்தகர்கள், கந்தப்பளையிலும் நானுஓயாவிலும் பெரிய அளவில் மரக்கறி செய்பவர்கள். இவர்களுக்கு நவம்பர் 30க்குள் விவரத்திரட்டு, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் பதினைந்தாம் தேதிகளில் காலாண்டுத் தவணை என்று வேறு தலைவலிகள். இவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்காளரை அமர்த்தும் வசதி உண்டு, அல்லது சம்பளத்திலேயே வரி கழிந்துவிடுகிறது. அவர்களுடைய சிரமத்தை இல்லையென்று சொல்லவில்லை. அதற்குச் சந்தையில் விடை கிடைக்கிறது என்பதே சொல்ல வந்தது. திருப்பிக் கேட்கும் 2,400 ரூபாவுக்குக் கட்டணம் வாங்கி வேலை செய்ய எந்தக் கணக்காளரும் முன்வர மாட்டார். சந்தை எட்டாத இடத்தில்தான் பொது உதவி நிற்க வேண்டும்.

ஆகவே முதல் தேவை ஒரு விதிமாற்றம்: ஒரு வங்கியில் ஆண்டு வட்டி குறித்த தொகைக்குக் கீழே இருந்தால் பிடித்தமே கூடாது. பணக்காரர் தம் வைப்பைப் பல வங்கிகளில் துண்டு துண்டாகப் போட்டுத் தப்பிவிடுவார்களே என்று கேட்பது நியாயம். சிலர் செய்வார்கள். அடையாள எண்ணால் கணக்குகள் அனைத்தையும் இணைத்துப் பார்ப்பதற்காகத்தானே டின் இலக்கம் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது? அந்த வலையைக் கொண்டு பெரிய மீன்களைத் தேடுவது திணைக்களத்தின் வேலை. அதைச் செய்யச் சிரமம் என்பதற்காக ஒவ்வொரு முதியவரும் தாம் ஏழை என்று ஆண்டுதோறும் எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்பது சுமையைத் தலைகீழாக ஏற்றுவதாகும். இன்னொரு மறுப்பு, எல்லோரும் பிரகடனம் கொடுத்துப் பழகினால்தான் வரிப் பண்பாடு வளரும் என்பது. வரிப் பண்பாடு நம்பிக்கையில் வளர்வது. அரசோடு ஒருவருக்கு ஏற்படும் முதல் வரி அனுபவமே, தனக்குரியதல்லாத பணத்தை அது எடுத்துக்கொண்டதாக இருந்தால், அங்கே வளர்வது வேறு ஒன்று.

விதி மாறும்வரை செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பணிக்கொடைக் காசோலையும் சேமலாப நிதியும் வந்து சேரும் நாள் ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு முறைதான் வருகிறது. வைப்புக் கணக்கைத் திறக்கும் அதே மேசையில், அதே உட்காரலில், டின் பதிவும் சுயபிரகடனமும் தமிழில் முடிந்துவிட வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவருக்கு இலக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். நிலை மாறும்வரை ஒரே பிரகடனம் செல்லும் என்று ஆர்85இல் இருந்ததைப் போல, ஓய்வு பெற்றவருக்காவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டாயத்தை நீக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை திருத்தங்களுக்காகப் பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைகள் மலையகத்துக்குப் பழக்கமானவை. அந்த வரிசையில் வரித் திணைக்களத்தின் மேசை ஒன்றையும் போட்டால் பெயர் முரண்பாட்டைத் திருத்துவதும் வரி விலக்குக் கேட்பதும் ஒரே நாளில் ஆகும், கூலி இழப்பும் ஒரு நாளோடு நிற்கும். அந்த மேசைக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரையான 27 மாதங்களில் 5 சதவீதமாகப் பிடிக்கப்பட்ட வட்டி வரிக்கு, பிடித்த பின் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பதே வழியாக இருந்தது. லயத்திலிருந்து அப்படி விண்ணப்பித்தவர் எத்தனை பேர் என்பதைத் திணைக்களத்தின் பதிவேடுகளே காட்டும். பிடித்த தொகையும் பிடிக்கப்பட்டவரின் கணக்கு எண்ணும் வங்கிகளிடம் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டக் கிளைகளிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, சிறிய வைப்புகளுக்கு விண்ணப்பம் கேட்காமலே திருப்பி வரவு வைப்பதற்குத் தேவைப்படுவது ஒரு சுற்றறிக்கை.